நேர்காணலுக்கு எத்தனை மதிப்பெண்?

சென்ற மாதம் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்றிருந்தேன். ரயிலில் இரண்டு இரவுகள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நான்கு மணி நேரம். தேர்வுக் குழுவின் முன் ஏழு நிமிடங்கள். அந்த ஏழில் நான்கு, என் சொந்த ஊர் எங்கே இருக்கிறது, தந்தை என்ன செய்கிறார், இவ்வளவு தொலைவு வந்து தங்க இயலுமா என்ற வினாக்களில் கழிந்தன. ஆய்வேட்டைக் குறித்து ஒரே ஒரு வினா எழுந்தது. நான் பின்னணியைச் சொல்லி முடிப்பதற்குள் நன்றி கூறி அனுப்பிவிட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் வருத்தத்தைவிட ஒரு வினாவே மிகுதியாக உறுத்தியது. இந்த ஏழு நிமிடங்களுக்கு இத்தனை எடை எப்போது, எவ்வாறு வந்தது? தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன். பதிவு சற்று நீளமானது. நேர்காணலுக்குத் தயாராகும் நண்பர்கள் பொறுத்தருள்க.

இந்தியாவில் அரசுப் பணிக்கான போட்டித் தேர்வு, சிபாரிசுக்கு எதிராகவே தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்கள் உறவினரையும் வேண்டியவரையும் நியமித்து, ஹெய்லிபரி கல்லூரியில் பயிற்றுவித்து அனுப்பிவந்தனர். 1853ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. அடுத்த ஆண்டு மெக்காலே குழு அறிக்கை அளித்தது. 1855இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. அத்தேர்வில் வாய்மொழிப் பகுதியும் இருந்தது, ஆனால் அது பாட அறிவைச் சோதிப்பதற்கானது. ஒருவரின் குணத்தை அளக்கத் தனித் தேர்வு வேண்டும் என்று மெக்காலே கருதவில்லை. இளமையில் கடினமாக உழைத்துப் படித்தவனிடம் அந்த உழைப்பே குணத்துக்குச் சான்று என்பது அவருடைய வாதம். மெக்காலேயை நாம் வேறு காரணங்களுக்காக நினைவுகூர்வதே வழக்கம். இந்த இடத்தில் அவர் பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது.

பாடத்திலிருந்து விலகி ஆளையே அளக்கும் வாய்மொழித் தேர்வு, பிரிட்டனில் 1917ஆம் ஆண்டின் லீத்ஸ் குழு அளித்த பரிந்துரையை ஒட்டி வலுப்பெற்றது. எழுத்துத்தாளில் தெரியாத விழிப்பு, சமநிலை, தோரணை ஆகியவற்றைக் காண்பது நோக்கம். இவற்றுள் தோரணை என்பது எந்தப் பள்ளியில் படித்தோம், எந்த மேசையில் உணவு உண்டோம் என்பதோடு பிணைந்தது. 1922 முதல் இந்தியாவிலும் ஐ.சி.எஸ். தேர்வு நடத்தப்பட்டது, 1926இல் இங்கே பொதுப்பணி ஆணையம் அமைந்தது. இப்புதிய வாய்மொழித் தேர்வும் அந்த மரபோடு நம்மிடம் தங்கிவிட்டது. விடுதலைக்குப் பிந்தைய முதல் ஆண்டுகளில் வாய்மொழித் தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் பெறாதவர், எழுத்தில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தோற்றவரே. அவ்விதி 1950களில் கைவிடப்பட்டது.

சொற்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு (மொழியியல் படித்தவன் விடமாட்டான்). வைவா வோசி என்ற லத்தீன் தொடருக்கு 'உயிருள்ள குரலால்' என்று பொருள். இன்டர்வியூ என்பது ஒருவரை ஒருவர் காணுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் 'நேர்காணல்' அதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் மேசையின் ஒருபுறத்தார் மட்டுமே காணும் உரிமை பெற்ற நிகழ்வுக்கு 'நேர்முகத் தேர்வு' என்பதே நேர்மையான பெயர்.

இந்தத் தேர்வின் எடையைக் குறைக்க நடந்த வழக்குகளின் வரலாறு சுவையானது. 1970இல் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை குறித்த பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பாடங்களுக்கு 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு, பிற சேவை, உடல்திறன், பொதுத்திறன், நாட்டம் எனத் தலைப்புவாரியாக வழங்க வேண்டிய மதிப்பெண்ணைக் குழுவினர் மொத்தமாகப் போட்டிருந்தனர். அது தவறு என்றது நீதிமன்றம். 75 என்பது அதிகம் என்று உணர்ந்தபோதிலும் அதைச் செல்லாது என்று அறிவிக்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகரின் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துக்கு 100, வாய்மொழிக்கு 50. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே தரப்பட்டன. பெற்றோர் யார், ஊர் எது என்பதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை என்பது மாணவர்களின் முறையீடு. இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை வாய்மொழிக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று நீதிபதி பகவதி எழுதினார். நேர்காணலை ஒலிப்பதிவு செய்யலாம் என்ற யோசனையும் அத்தீர்ப்பில் உண்டு. எனினும் காலம் கடந்துவிட்டதால் அவ்வாண்டின் சேர்க்கை ரத்தாகவில்லை.

1985இல் அசோக் குமார் யாதவ் வழக்கு. ஹரியானா தேர்வாணையம் 61 இடங்களுக்கு 1300க்கும் மேற்பட்டோரை நேர்காணலுக்கு அழைத்திருந்தது. வாய்மொழியின் பங்கு பொதுப் பிரிவினருக்கு 22.2 விழுக்காடு, முன்னாள் படைவீரருக்கு 33.3. இரண்டும் மிகை என்ற நீதிமன்றம், யூ.பி.எஸ்.சி. அப்போது பின்பற்றிய 12.2 விழுக்காட்டை அளவுகோலாகக் காட்டியது. அதாவது 2050இல் 250. இன்று அது 2025இல் 275. எழுத்துத் தேர்வை இந்திய மொழியில் எழுதியவர் நேர்காணலையும் அம்மொழியிலேயே அளிக்கலாம். 2016 ஜனவரி முதல் ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே கிடையாது.

ஆக ஒரு நூற்றாண்டாக இத்தேர்வின் எடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மட்டும் எதிர்த்திசை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகளில் உதவிப் பேராசிரியர் தேர்வுக்குக் கல்வி, ஆய்வுச் சாதனை 50, துறையறிவும் கற்பித்தல் திறனும் 30, நேர்காணல் 20. 2018ஆம் ஆண்டு விதிகளோ, கல்வி மதிப்பெண்கள் நேர்காணலுக்கு அழைக்கப்படுவோரைச் சுருக்குவதற்கு மட்டுமே, தேர்வு முற்றிலும் நேர்காணலின் அடிப்படையில் என்கின்றன. மாவட்ட ஆட்சியராகப் போகிறவருக்கு ஏறத்தாழ 13.6 விழுக்காடு; ஒலியனியல் கற்பிக்கப் போகிறவருக்கு நூறு! எழுத்துத் தேர்வே இல்லாத தெரிவுகளுக்கு மேற்சொன்ன வரம்பு பொருந்தாது என்பது சட்ட நிலை. நெட் தேர்ச்சி வாயிற்படி வரை கொண்டுசேர்க்கும், அவ்வளவே. 2010இன் முறையிலும் புள்ளிக்கணக்குக்காகத் தரமற்ற இதழ்களில் கட்டுரைகள் குவிந்தன என்பதை மறுக்கவில்லை. அதற்கு மருந்து இதுவா என்பதே என் ஐயம்.

விதி மாறும்வரை நாம் என்ன செய்வது? என் துறையிலேயே ஒரு விடை கிடைத்தது. பிரிட்டனில் தெற்காசியர்களின் உரையாடல்களையும் வேலை நேர்காணல்களையும் ஆராய்ந்த ஜான் கம்பர்ஸ், கேட்பவர் தம்மை அறியாமலே தொனியையும் செய்தி வரும் வரிசையையும் கொண்டு பேசுபவரின் மனப்பான்மையை முடிவுசெய்கிறார் என்று காட்டினார். விமான நிலைய உணவகத்தில் பணிபுரிந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் 'கிரேவி' என்ற ஒற்றைச் சொல்லை இறங்கு தொனியில் கேட்டதால் மரியாதையற்றவர்களாகக் கருதப்பட்டார்கள். நம்மில் பலர் பின்னணியை முதலில் அடுக்கி, முடிவைக் கடைசியில் வைக்கிறோம். குழுவுக்குக் கடைசி வரை பொறுமை இருப்பதில்லை.

விடுதி அறையில் நண்பர்கள் மூவரைக் குழுவாக அமர்த்தி, என் விடைகளைக் கைபேசியில் பதிவு செய்தேன்; பிறகு அவற்றைக் களப்பணித் தரவைப் போலவே எழுத்துப்பெயர்த்தேன். ஆய்வின் முடிவைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பத்து வினாடிகள் தேவைப்பட்டிருந்தன. அதற்கு முன் வந்தவை முழுவதும் முந்தைய ஆய்வுகளின் பெயர்கள். இடையில் 'பேசிக்கலி' என்ற சொல் ஒன்பது முறை. இப்போது முதல் வாக்கியத்திலேயே முடிவு வருகிறது, பெயர்கள் கேட்டால் மட்டும். குழுவின் கையில் இருக்கும் ஒரே ஆவணம் நம் விண்ணப்பம் என்பதால், அதன் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு வாக்கிய விடை எழுதிப் பழகினேன். முதற்பருவ மாணவருக்கு நடத்தும் பாடம் ஒன்றைப் பத்து நிமிடத்துக்கும் மூன்று நிமிடத்துக்கும் தனித்தனியே அமைத்திருக்கிறேன்.

சொந்த ஊர் வினா மீண்டும் வரும். அதற்கும் விடை மாறியிருக்கிறது: ஊர்ப் பெயர், அங்கே ழகரத்தை எப்படி ஒலிக்கிறார்கள், அதிலிருந்து என் மூன்றாம் இயல். பதினெட்டு வினாடிகள் ஆகின்றன. அடுத்த நேர்காணல் வரும் 17ஆம் தேதி. ரயில் இருக்கை இன்னும் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கிறது.