பெயர் மட்டும் போதுமா?

டோபி காட் என்றால் துணி வெளுப்போர் துறை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் அன்று இங்கே ஓடைக்கரையில் துணி துவைத்தார்கள். 1987-இல் எம்.ஆர்.டி நிலையம் வந்தது. துறை போச்சு, பெயர் நின்றது.

பழைய கணினி ஆட்டங்களுக்கும் இதே கதிதான். ஆனால், 1980-இல் ஜப்பானில் பிறந்த பேக்-மேன் பிழைத்துக்கொண்டது. 2008-இல் வெளிவந்த, வீட்டிலேயே பற்றவைத்துச் செய்யக்கூடிய ஊஸ்பாக்ஸ் பெட்டிக்கு அதை மாற்றி எழுதினார்கள். அதன் நினைவகமோ வெறும் 4 கிலோபைட்! ஒரே சில்லுதான் திரையில் கோடு கோடாகப் படம் வரையணும். மிச்ச நேரத்தில் ஆட்டத்தையும் நடத்தணும்.

“அட, விளையாட்டுதானே!” என்று எண்ணாதீர்கள், மாணவர்களே. பெயர்த்தெழுத ஆளில்லாவிட்டால் ஓலைச்சுவடியும் அழியும், ஆட்டமும் அழியும். பெயர் மட்டுமே மிஞ்சும்.