மினி காரின் ரப்பர் ஸ்பிரிங்

1956-இல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததைப் படித்திருப்பீர்கள். அதன் விளைவாக 1959-இல் வெளிவந்ததுதான் மினி கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 10 அங்குலச் சக்கரம், உள்ளே நால்வர் உட்கார வேண்டும். பெரிய ஸ்பிரிங் வைக்க இடம் ஏது? அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்டன் கூம்பு வடிவ ரப்பரையே ஸ்பிரிங்காக்கிக் கொடுத்தார். இடம் மிச்சம், பாரம் கூடக் கூட ரப்பர் இறுகித் தாங்கும்.

ஆனால் ரப்பருக்கும் வயதாகும். நாளடைவில் அது அமுங்கிக் கெட்டியாகிவிடும். கார் தாழும், குலுக்கல் கூடும். இதற்கு வெளிக் கம்பெனிகள் இரண்டு வழி கண்டன. ஒன்று, ரப்பருக்குப் பதில் எஃகுச் சுருள். மற்றொன்று, ரப்பரை வைத்துக்கொண்டே திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி. அழகுக்காக மிகவும் தாழ்த்தினால் டயர் உரசும், ஓட்டுபவருக்கே ஆபத்து.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களே, எந்தக் காரானாலும் ஸ்பிரிங்கை இடம், வலம் ஜோடியாகவே மாற்றுங்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள். கழற்றிய அசல் பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். நாளை வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.