பேதியும் நிவாரணமும்: கோல்சிசின் மருந்தளவு பற்றிய கருத்தின் வளர்ச்சி

இலையுதிர் காலத்தில் இலையேதுமின்றி இளம் ஊதாப் பூக்களை மட்டும் நீட்டும் கோல்சிக்கம் என்னும் ஐரோப்பியக் கிழங்குச் செடி, மூட்டில் யூரிக் அமில உப்பு படிகங்களாகத் தங்குவதால் திடீரென வீக்கமும் கடும் வலியும் தோன்றும் ‘கௌட்’ நோய்க்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக மருந்தாக அறியப்பட்டு வந்துள்ளது. அது வலியைத் தணிக்கிறதா என்பதைவிட, எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதே மருத்துவர்களை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி. அக்கேள்விக்கு விடை காண்பதைத் தாமதப்படுத்தியதில், பேதி ஆவதே மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்ற பழைய நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடீஸ் இச்செடியை உயிர்போக்கும் நஞ்சாகவே விவரித்தார். ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் நகரத்து அலெக்சாந்தர் என்னும் பைசாந்திய மருத்துவர் மூட்டுவலிக்குப் பரிந்துரைத்த ‘ஹெர்மொடாக்டில்’ கிழங்கு, கோல்சிக்கம் இனத்தைச் சேர்ந்ததே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்; யுனானி மருத்துவத்தில் இதுவே ‘சூரிஞ்சான்’ என வழங்குகிறது. உடலின் நீர்மங்களுள் ஒன்று மிகுந்து மூட்டில் இறங்குவதே நோய் என்று நம்பப்பட்ட காலத்தில், வயிற்றைக் கழியச் செய்யும் மருந்து அந்த மிகையை வெளியேற்றுவதாகப் பொருள்கொள்ளப்பட்டதில் வியப்பில்லை. 17ஆம் நூற்றாண்டில், தாமே இந்நோயால் வருந்திய ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடனாம், கௌட் நோய்க்குப் பேதி மருந்து தருவதையே எதிர்த்தார். பேதியும் நிவாரணமும் ஒன்றே என்று எண்ணப்பட்டதால், ஒன்றைத் தவிர்க்க முனைந்தோர் மற்றதையும் சேர்த்தே விலக்க நேர்ந்தது.

1763இல் வியன்னா மருத்துவர் அன்டன் ஃபான் ஸ்டோர்க் கோல்சிக்கத்தை நீர்க்கோவைக்குரிய மருந்தாக மீட்டெடுத்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சுப் படை அதிகாரியான உசோன் ‘ஓ மெடிசினால்’ என்ற இரகசிய மருந்தைக் கௌட் நோயாளிகளுக்கு விற்றுப் புகழ்பெற்றார். அதன் சரக்கு கோல்சிக்கமே என்று 1814இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் வான்ட் அறிவித்தார். கல்விசார் மருத்துவம் கைவிட்டதை இரகசிய மருந்து வணிகம் காப்பாற்றிக் கொடுத்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

1820இல் பெல்தியே, காவெந்து ஆகிய பிரெஞ்சு வேதியியலார் இக்கிழங்கிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தனர். 1833இல் ஜெர்மானியரான கைகர் அதற்குக் கோல்சிசின் எனப் பெயரிட்டார். 1915இல் இதே பொருள் வெப்பநாட்டுச் செங்காந்தளின் கிழங்கிலும் இருப்பது தெரியவந்தது. தமிழ்நாட்டின் மாநில மலரான இதனை உழவர்கள் கண்வலிக் கிழங்கு என்கின்றனர். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கொடியைப் படரவிட்டு, காய்பிடிப்பதற்காகக் கையாலேயே மகரந்தம் சேர்த்து வளர்க்கின்றனர். அவர்கள் விற்பது பெரும்பாலும் விதையே. கோல்சிசினும், தசைப்பிடிப்புக்குத் தரப்படும் தயோகோல்சிகோசைடும் அதிலிருந்து தயாராகின்றன.

மருந்து எவ்வாறு செயற்படுகிறது என்பது 1967க்குப் பின்னரே தெளிவுபெறத் தொடங்கியது. செல்லின் உள்ளமைப்பைத் தாங்கும் நுண்குழல்களுக்கு மூலப்பொருளான புரதத்தோடு (இதுவே பின்னர் டியூபுலின் எனப்பட்டது) கோல்சிசின் பிணைவதைக் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் காட்டினர். நுண்குழல்கள் உருவாகாதபோது, படிகங்களை விழுங்கி அழற்சியைப் பெருக்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மூட்டை நோக்கி எளிதில் நகர முடிவதில்லை, செல்பிரிவும் தடைப்படுகிறது. குடலின் உட்பூச்சு ஓயாத செல்பிரிவால் புதுப்பிக்கப்படுவது என்பதால், மருந்து மிகும்போது முதலில் தாக்குண்பவற்றுள் அதுவும் ஒன்று. ஆகவே பேதி குணமாவதன் அறிகுறியன்று; நஞ்சேறத் தொடங்குவதன் அறிகுறி.

ஆயினும் வலி தணியும் வரை, அல்லது வயிறு கழியும் வரை, மணிக்கொருமுறை மாத்திரை தரும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு முழுவதும் நீடித்தது. 2010இல் வெளியான ‘அக்ரீ’ ஆய்வே அதனை அளவைகொண்டு சோதித்தது. ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் பெற்றோரில் 32.7 விழுக்காட்டினரும், ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும் பெற்றோரில் 37.8 விழுக்காட்டினரும் போதிய நிவாரணம் கண்டனர். வயிற்றுப்போக்கோ முன்னவரிடம் 76.9 விழுக்காடு, பின்னவரிடம் 23 விழுக்காடு. போலி மாத்திரை பெற்றோரில் நிவாரணம் கண்டவர் 15.5 விழுக்காட்டினர் என்பதால், குறைந்த அளவின் பயன் தற்செயலானதன்று.

அளவு குறைந்தபின் மருந்தின் எல்லை விரிந்தது. மாரடைப்புக்கு ஆளான 4,745 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்த ‘கோல்காட்’ ஆய்வு, இதயநோய் நிகழ்வுகள் குறைவதாக 2019இல் அறிவித்தது. இரத்தக் குழாய்ச் சுவரின் அழற்சியைத் தணிக்கும் நோக்கில் இதே அளவை நாள்தோறும் வழங்க, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சிறுநீரகம் அல்லது கல்லீரல் கடுமையாகப் பழுதுபட்டோருக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளை உட்கொள்வோருக்கும் இச்சிறிய அளவும் உடலில் தேங்கி நஞ்சாகக்கூடும் என்ற எச்சரிக்கை அந்த ஒப்புதலுடனேயே இணைந்துள்ளது.