கைதி கண்ட சித்திரைப் பிறப்பு



புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய நாள், வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வருடப் பிறப்பு எக்காலத்திலும் ஏப்ரல் 13, 14ஆம் திகதிகளிலேதான் வந்ததா?" என்று வினவினான். "ஆம்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு பழைய நூலொன்றைப் புரட்டியபோது என் விடை பிழையெனக் கண்டேன். அதனைத் திருத்தியவர் நம் நாட்டுப் புலவர் அல்லர். நமது துறைமுகத்திலே சிறைப்பட்ட ஆங்கில மாலுமி ஒருவர்.

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. புயலிலே பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பல், அதனைச் செப்பனிடும் பொருட்டு 1660ஆம் ஆண்டில் அங்கு வந்து நங்கூரமிட்டது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள், கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் உள்ளிட்ட 16 பேரைப் பிடித்துச் சென்றனர். அன்று ஏப்ரல் 4ஆம் திகதி. மகனுக்கு வயது 19. மூதூரில் அந்நிகழ்ச்சியின் நினைவாக 1893இல் கல்லொன்று நாட்டப்பட்டது.

மறு ஆண்டு பெப்ரவரியில் தந்தையார் காய்ச்சலால் மாண்டார். அவரை அந்நிய மண்ணிலே புதைத்த மகன், தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் காலங் கழித்தார். 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவரது இலங்கை வரலாற்று நூல் வெளியாயிற்று.

அந்நூலிலே புத்தாண்டு விழாவும் இடம்பெறுகின்றது. அரண்மனை வாயிலிலே உயர்ந்த கம்பங்கள் வரிசையாக நிற்கும். நடுக்கம்பம் யாவற்றினும் உயரமானது. உச்சியிலே கொடிகள் பறக்கும். மனிதர், விலங்கு, பறவை, மலர் ஆகிய உருவங்கள் தீட்டிய துணிகளும் கனிகளும் தொங்கும். வாயிலின் இருபுறமும் குலையோடு கூடிய வாழைகள், முளைத்து நிற்பனபோல நாட்டப்பட்டிருக்கும். சோதிடர் குறித்த நல்வேளையில் மன்னன் தலை முழுகுவான். மருத்துநீர் வைத்துத் தலை முழுகும் நமக்கு இவையெல்லாம் பழகிப்போனவை. ஆகவே நாம் எழுதி வைப்பதில்லை. அவருக்கோ யாவும் புதுமை.

இனித் திகதிக்கு வருவோம். இந்நாட்டவரின் ஆண்டு பெரும்பாலும் மார்ச் 28ஆம் நாளிலும், சிலவேளை 27ஆம் நாளிலும், அரிதாக 29ஆம் நாளிலும் பிறக்கின்றது என்கின்றார் நொக்ஸ். சூரியனின் செலவோடு ஆண்டைப் பொருத்தும் பொருட்டே இம்மாற்றம் என்று, தம் நாட்டு நெட்டாண்டை ஒப்பிட்டு விளக்கமுந் தருகின்றார். சிங்களவரிடையே வாழ்ந்து அவர் எழுதிய இக்குறிப்பு நமக்கும் பொருந்தும். இரு சாராருக்கும் ஆண்டு பிறப்பது சூரியன் மேட இராசியிற் புகும் வேளையிலேயே.

மார்ச் 28 எங்கே, ஏப்ரல் 14 எங்கே? அவர் பிழைபட்டாரா? இல்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய யூலியன் நாட்காட்டியையே கைக்கொண்டது. அதன் மார்ச் 28, இன்றைய முறைப்படி ஏப்ரல் 7 ஆகும். எஞ்சிய ஒரு கிழமை நமது பஞ்சாங்கத்தால் விளைந்தது. நாம் விண்மீன்களை வைத்து ஆண்டை அளக்கின்றோம். அவ்வாண்டு ஆங்கில ஆண்டினும் ஏறத்தாழ 23 நிமிடம் நீண்டது. அறுபது ஆண்டுக்கு ஒரு நாளளவில் நம் சித்திரை பின்தள்ளிப் போகின்றது. முந்நூற்றறுபது ஆண்டுகளில் ஆறு நாள் நகர்ந்துள்ளது. கணக்குப் பொருந்துகின்றதல்லவா?

இன்னொன்றும் புலனாகின்றது. அவர் கணக்கின்படி, பிடிபடுவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமைக்கு முன்னரே அவ்வாண்டுச் சித்திரை பிறந்துவிட்டது. கொட்டியாரக் கரையிலே மக்கள் புத்தாண்டு கொண்டாடி ஓய்ந்த வேளையில் அவரது விடுதலை பறிபோயிற்று. தம்மைச் சிறைப்படுத்திய நாட்டின் திருநாளை, வெறுப்பினால் திரிக்காமல், கண்டது கண்டவாறே எழுதினார் அவர்.

விடுமுறை முடிந்ததும் அம்மாணவனை அழைத்து, "தம்பி, நான் சொன்னது பிழை" என்றேன். காரணத்தையும் கூறினேன். "நம்மவர் எவரும் இதை எழுதி வைக்கவில்லையா, ஐயா?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு விடை கூற நான் இன்னும் ஏடுகளைத் தேடிக்கொண்டிருக்கின்றேன். உங்கள் வீட்டுப் பரணிலே பழைய பஞ்சாங்கமோ கணக்கேடோ கிடந்தால், புத்தாண்டுக்கு வீடு துப்புரவாக்கும்போது அதனை எரித்துவிடாதீர்கள்.