பின்வாசலும் நூலக வாசலும்

ஆக்டேவியா பட்லர் 1947இல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தார். தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, அம்மா வீட்டுவேலை செய்து மகளை வளர்த்தார். கறுப்பினப் பெண் என்பதால் வேலைபார்த்த வீடுகளுக்குள் பின்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். அங்கே ஒதுக்கித் தள்ளிய புத்தகங்களை மகளுக்காக எடுத்துவருவார். மகள் நூலக அட்டை கேட்டபோது மகிழ்ச்சியோடு அழைத்துப்போய் வாங்கிக் கொடுத்தார்.

கூச்ச சுபாவம், எழுத்துக்கூட்டி வாசிப்பதிலேயே சிரமம். பள்ளியில் பின்தங்கிய அந்தச் சிறுமிக்கு நூலகத்தில் யாரும் மதிப்பெண் போடவில்லை. தன் வேகத்தில், தன் விருப்பப்படி படித்தாள். அப்படி வளர்ந்த ஆர்வம்தான் அவரை அறிவியல் புனைகதை எழுத்தாளராக்கியது.

பின்வாசலில் நுழைந்த அம்மாவைப் பார்த்துச் சிறுவயதில் வெட்கப்பட்டவர் அவர். அந்தப் பொறுமைக்குப் பின்னிருந்த வரலாற்றைத் தேடி, பேருந்தில் நாட்டின் மறுகோடியான மேரிலாந்துக்குப் போனார். பால்டிமோர் நகரின் பொது நூலகத்தில் அமர்ந்து அடிமைகளின் வாழ்வைப் படித்தார். 1979இல் 'கிண்ட்ரெட்' நாவல் வெளிவந்தது. அதில் இருபதாம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண்ணொருத்தி அடிமைக் காலத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறாள். பிழைத்திருப்பதற்கே எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அங்கே உணர்கிறாள்.

பின்னாளில் பொது நூலகங்களின் நிதி வெட்டப்பட்டபோது பட்லர் அதைக் கண்டித்து எழுதினார். காசில்லாத வீட்டுக் குழந்தை வேறெங்கே போகும் என்பதே அவர் கவலை.

2006இல் அவர் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைப் பாசடீனாவை அடுத்துள்ள ஹண்டிங்டன் நூலகம் பாதுகாக்கிறது. அவற்றைப் படிக்க வரும் பெண்கள் முன்வாசல் வழியாகவே உள்ளே போகிறார்கள்.