ஜிங்கிள்

ஜிங்கிள் என்பது எக்ஸ்எம்பிபி என்னும் திறந்த உடனடிச் செய்தி நெறிமுறையின் நீட்சி. குரல் அழைப்பு, காணொளி அழைப்பு, கோப்புப் பரிமாற்றம் ஆகியவற்றைத் தொடங்கவும் நடத்தவும் முடிக்கவும் வகுக்கப்பட்டது. இதன் அடிப்படை ஆவணம் எக்ஸ்இபி-0166. எக்ஸ்எம்பிபி வலையமைப்பில், மின்னஞ்சலைப் போலவே, எவரும் சொந்தமாக ஒரு வழங்கியை நடத்தலாம். வேறொரு வழங்கியில் இருப்பவரோடு தடையின்றிப் பேசலாம். எழுத்துக்கு வாய்த்த இந்தச் சுதந்திரத்தைக் குரலுக்கும் முகத்துக்கும் பெற்றுத் தரவே ஜிங்கிள் உருவானது.

முன்முயற்சிகள்

ஜெரிமி மில்லர் 1999 ஜனவரியில், எக்ஸ்எம்பிபியின் முன்வடிவான ஜாபரை அறிவித்தபோது அதில் எழுத்து மட்டுமே இருந்தது. 2003இல் டின்ஸ் என்ற முன்மொழிவு, தொலைபேசி உலகின் சிப் நெறிமுறைக்கு இயைந்த முறையில் அழைப்புகளை ஜாபருக்குள் கொண்டுவர முயன்றது. பின்னர் அது திரும்பப் பெறப்பட்டது. 2004 அக்டோபரில் எக்ஸ்எம்பிபி இணையத் தரமாக வெளியானபோதும் அதில் குரலுக்கு இடமில்லை.

கூகுள் டாக் காலம்

2005 ஆகஸ்ட் 24 அன்று கூகுள் டாக் வெளிவந்தது. ஜாபரின் நெறிமுறையையே அடித்தளமாகக் கொண்டிருந்த அச்செயலியில் முதல் நாளிலிருந்தே குரல் அழைப்பு இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று அந்தக் குரல் வசதிக்குப் பின்னாலிருந்த நிரலை லிப்ஜிங்கிள் என்ற பெயரில், எவரும் எடுத்துப் பயன்படுத்தும் பிஎஸ்டி உரிமத்தில், கூகுள் வெளியிட்டது. ஜிங்கிளின் முதல் வரைவும் அன்றே வெளியானது. 2006 ஜனவரி 17 அன்று கூகுள் தன் வழங்கிகளைப் பிற ஜாபர் வழங்கிகளுக்குத் திறந்துவிட்டது.

ஜிங்கிள் ஆவணத்தில் ஆசிரியர்களாக ஆறு பேரின் பெயர்கள் உள்ளன: கூகுளின் ஸ்காட் லட்விக், ஜோ பீடா, நெறிமுறைப் பணியில் நெடுங்காலம் ஈடுபட்ட பீட்டர் சென்-ஆந்த்ரே, ஜோ ஹில்டபிராண்ட், திறந்த மூல உலகிலிருந்து வந்த ராபர்ட் மெக்வீன், ஷான் ஈகன். ஈகன், இன்று பிட்ஜின் எனப்படும் கெய்ம் செயலியை முன்னின்று வளர்த்தவர். பீடா பிற்காலத்தில் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவர்களுள் ஒருவர்.

ஜிங்கிளின் அடிப்படை எண்ணம் எளியது. எழுத்துச் செய்தி வழங்கி வழியாகச் செல்கிறது; ஒரு நொடி தாமதித்தால் ஒன்றும் கெட்டுவிடாது. குரல் அப்படிக் காத்திருக்காது. ஆகவே அழைக்கலாமா, எந்தக் கோடெக் (ஒலி, படக் குறிமுறை), எந்த முகவரி என்ற பேச்சுவார்த்தை மட்டும் எக்ஸ்எம்பிபி வழியே நடக்கும். உடன்பாடு ஏற்பட்டதும் ஒலியும் படமும் இயன்றவரை இரு கருவிகளுக்கிடையே நேராகப் பாயும். எதைப் பேசுகிறோம் என்பதையும் அது எவ்வழியே போகும் என்பதையும் ஆவணம் தனித்தனியே பிரித்து வைத்தது. பேச்சுவார்த்தையை வழங்கி மற்ற செய்திகளைப் போலவே கைமாற்றிவிடும். அதற்கென வழங்கியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த நேரடிப் பாய்ச்சலுக்குப் பெருந்தடை ரௌட்டர்கள்தாம். வீட்டு ரௌட்டருக்குப் பின்னாலிருக்கும் கணினிக்கு வெளியுலகம் அறிந்த முகவரி கிடையாது. இதற்கு ஐஸ் என்ற முறை கையாளப்பட்டது: இரு தரப்பும் தமக்குத் தெரிந்த எல்லா முகவரிகளையும் அனுப்பி, ஒவ்வொரு இணையையும் சோதித்து, வேலை செய்யும் வழியைத் தேர்ந்துகொள்ளும். எதுவும் கைகூடாவிட்டால் நடுவிலுள்ள இடைமாற்று வழங்கி ஒன்று போக்குவரத்தைத் தாங்கும்.

ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளில் அழைப்பவர் ரோமியோ, அழைக்கப்படுபவர் ஜூலியட். எக்ஸ்எம்பிபி ஆவணங்களின் பழைய வழக்கம் இது. ரோமியோவின் கருவிக்குப் பழத்தோட்டம் என்று பெயர், ஜூலியட்டின் கருவிக்கு மாடம். இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் அழைத்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு: இரு அமர்வு அடையாளங்களில் வரிசையில் முந்தியது நிலைக்கும், மற்றது விலகும். அழைப்பு முடிந்ததற்கான காரணங்களும் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வேறு பேச்சில் இருக்கிறார், மறுத்துவிட்டார், போய்விட்டார், இணைப்பு அமையவில்லை, பேச்சு நல்லபடி முடிந்தது என ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. ‘மணி அடிக்கிறது’ என்று மறுமுனைக்குச் சொல்வதற்கும் ஒரு செய்தி உண்டு.

கூகுள் டாக்கை ‘ஜிங்கிளின் முதல் செயலாக்கம்’ என்று சிலர் எழுதுகின்றனர். வேறு சிலர் அது ஜிங்கிளின் முன்னோடி மட்டுமே என்பர். கூகுள் அனுப்பிய செய்திகளின் வடிவம், திருத்தங்களுக்குப் பின் நிலைபெற்ற தரத்திலிருந்து வேறுபட்டது உறுதி. பிற செயலிகளை எழுதியவர்களில் பலர் இரு வடிவங்களையும் ஆதரிக்க நேர்ந்தது.

2006இல் நோக்கியா 770 என்ற கைக்கணினியின் புதிய மென்பொருளில் கூகுள் டாக் குரல் அழைப்பு இடம்பெற்றது. 2008இல் க்னோம் மேசைத்தளத்தின் எம்பதி, 2009 ஆகஸ்டில் பிட்ஜின் 2.6, 2010இல் கஜீம் ஆகிய செயலிகள் அழைப்பு வசதி பெற்றன. பிட்ஜினின் விண்டோஸ் பதிப்பில் அவ்வசதி இருக்கவில்லை. எக்ஸ்இபி-0166 நிலையான வரைவுத் தகுதியை அடைந்தது 2009 ஜூனில்தான்; முதல் வரைவுக்குப் பின் மூன்றரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

கூகுளின் விலகல்

2013 மே மாதம் கூகுள், டாக்குக்கு மாற்றாக ஹேங்கவுட்ஸை அறிமுகப்படுத்தியது. அதில் பிற வழங்கிகளோடு இணைப்பு இல்லை. 2014 மே 19 முதல் பொது எக்ஸ்எம்பிபி வழங்கிகள் பல, தமக்கிடையிலான இணைப்புகளுக்கு மறையாக்கத்தைக் கட்டாயமாக்கின. கூகுளின் பழைய வழங்கிகள் அதை ஆதரிக்காததால் எஞ்சிய தொடர்பும் அறுந்தது. விலகலுக்கான காரணம் இன்றும் விவாதத்துக்குரியது. திறந்த வலையமைப்பில் வளர்ந்த பின் கதவை அடைத்ததாகச் சிலர் குற்றஞ்சாட்டுகின்றனர். எரிதத் தொடர்புக் கோரிக்கைகளின் தொல்லையையும், மற்றப் பெருநிறுவனங்கள் தம் வலையமைப்புகளைத் திறக்காததையும் வேறு சிலர் சுட்டுகின்றனர். எதுவாயினும், எக்ஸ்எம்பிபி பயனர்கள் தம் தொடர்புப் பட்டியலிலிருந்த ஜிமெயில் நண்பர்களை இழந்தனர். அழைப்பு வசதிக்கு இது பேரிழப்பு.

வெப்ஆர்டிசியும் ஜிட்சியும்

2010இல் கூகுள், குரல் தொழில்நுட்ப நிறுவனமான குளோபல் ஐபி சொல்யூஷன்ஸை வாங்கியது. 2011இல் உலாவிக்குள்ளேயே அழைப்பை நிகழ்த்தும் வெப்ஆர்டிசியை வெளியிட்டது. லிப்ஜிங்கிளின் நிரல் அதற்குள் சென்று சேர்ந்தது. ஆனால் அழைப்பு பேசி முடிவாகும் முறையை வெப்ஆர்டிசி அந்தந்தச் செயலியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. இதனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வேலியிட்ட அழைப்புச் சேவையை எளிதில் அமைக்க முடிந்தது.

ஜிட்சி வேறு வழியில் சென்றது. ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் 2003இல் தொடங்கிய இத்திட்டம், முதலில் சிப் கம்யூனிகேட்டர் எனப்பட்டது. இதன் ஜிட்சி மீட் கூட்ட அழைப்புகளுக்குள் இன்றும் ஜிங்கிள் இயங்குகிறது. பயன்படுத்துவோருக்கு அது கண்ணில் படுவதில்லை.

அண்மைக்காலம்

2020 ஏப்ரலில் ஆண்ட்ராய்டின் கான்வர்சேஷன்ஸ் செயலி 2.8 பதிப்பில் குரல், காணொளி அழைப்புகளைச் சேர்த்தது. ஒருவரிடம் பல கருவிகள் இருந்தால் எல்லாவற்றிலும் மணியடித்து, எடுத்த கருவியோடு மட்டும் பேச்சுவார்த்தையைத் தொடங்கும் எக்ஸ்இபி-0353 அதற்குக் கைகொடுத்தது. 2022 பிப்ரவரியில் டினோ 0.3 பதிப்பு கணினித் திரைக்கு அதே வசதியையும் சிறு குழு அழைப்புகளையும் தந்தது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் டாக் முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், ‘வாயிற்காவலர்’ என அறிவிக்கப்படும் பெருநிறுவனங்களின் செய்திச் சேவைகள் நான்கு ஆண்டுகளுக்குள் பிற சேவைகளோடு அழைப்புகளையும் இணைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. எந்த நெறிமுறையில் என்று அது வரையறுக்கவில்லை.