நீரூறிய மரமும் தோலும்: நகர அகழாய்வில் காப்பு முறைகளின் வளர்ச்சி

முன்னுரை

பழைய நகரங்கள் பலவற்றின் அடியில் ஈரம் வற்றாத மண்ணடுக்குகள் உண்டு. காற்று புகாத அந்த மண்ணில் மரத்தையும் தோலையும் அழிக்கும் பூஞ்சைகள் பெருக முடியாது. அதனால் செருப்பு, மரக்கிண்ணம், சீப்பு, எழுதுபலகை என எளிய மக்கள் புழங்கிய பொருள்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலும் தங்கிவிடுகின்றன. தோண்டி எடுத்த பிறகே அவற்றுக்கு ஆபத்து. நீரூறிய மரத்தில் செல்லுலோசு பெரிதும் சிதைந்து, அவ்விடத்தை நீர் நிரப்பியிருக்கும். காயும்போது, வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை நலிந்த செல்சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. மரம் சுருங்கி, முறுக்கி, வெடிக்கிறது. இதைத் தடுக்க ஐரோப்பாவில் கையாண்ட முறைகளைத் தொடர்ந்து பார்த்தால், காப்புப் பணி அருங்காட்சியகத்தை விட்டு அகழ்குழிக்கும், பிறகு அகழாய்வுத் திட்டத்துக்கும் இடம்பெயர்ந்தது புலப்படும்.

படிகார முறை

டென்மார்க்கின் சி. எஃப். ஹெர்ப்ஸ்ட் 1861இல் ஒரு முறையை வெளியிட்டார். ஈர மரத்தைச் சூடான, செறிந்த படிகாரக் கரைசலில் ஊறவைப்பார்கள்; ஆறியதும் படிகங்கள் உள்ளே இறுகி மரத்தைத் தாங்கும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் இம்முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. நார்வேயில் 1904இல் அகழ்ந்த ஓசெபர்க் கப்பல் புதையிடத்தின் செதுக்கு மரங்கள் பலவும் இவ்வாறே காக்கப்பட்டன. சூடான படிகாரக் கரைசலில் உண்டான கந்தக அமிலம் மரத்தை உள்ளிருந்தே அரித்துவந்தது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. வெளித்தோற்றம் பல்லாண்டுகள் நலமாக இருந்தும் உள்ளே மரம் உதிர்ந்துகொண்டிருந்தது. காத்த பொருளைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்பதை இத்துறை கற்ற இடம் இது.

நோவ்கோரத்: குழியருகில் காப்பு

ரஷ்யாவின் நோவ்கோரத் நகரில் ஆர்த்தெமி ஆர்த்சிகோவ்ஸ்கி தலைமையிலான குழுவுக்கு 1951 ஜூலை 26 அன்று முதல் பூர்ச்சமரப்பட்டைக் கடிதம் கிடைத்தது. சுருண்டிருந்த பட்டைகள் காயுமுன் வெந்நீரில் கழுவி, மெல்ல விரித்து, கண்ணாடித் தகடுகளுக்கிடையே அழுத்தி வைக்கப்பட்டன. இந்த எளிய முறை பலித்ததற்குக் காரணம், பட்டையின் ஈரம் நீங்குமுன் பணி தொடங்கியதே. இன்றுவரை அந்நகரில் கிடைத்த பட்டைக் கடிதங்கள் ஆயிரத்தைத் தாண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிறுவன் ஒன்பிமின் எழுத்துப் பயிற்சியும் கிறுக்கல் படங்களும் அவற்றுள் அடங்கும்.

மெழுகுப் பொருளும் உறைநிலை உலர்த்தலும்

அடுத்த திருப்பம் பாலிஎதிலீன் கிளைக்கால். நீரில் கரையும் மெழுகு போன்ற இப்பொருள் மரத்திலுள்ள நீரின் இடத்தை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறது. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் 1961இல் மீட்ட வாசா கப்பல்மேல் 1962 முதல் 1979 வரை இதைத் தெளித்தார்கள். சிறு பொருள்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. அவற்றை இக்கரைசலில் ஊறவைத்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தும் வழி 1970களில் உருப்பெற்றது. பனிக்கட்டி நீராகாமல் நேரே ஆவியாவதால், செல்சுவரை நெரிக்கும் பரப்பு இழுவிசைக்கே இடமில்லை.

இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் ஏறத்தாழ 40,000 பொருள்கள் வெளிவந்தன. வைக்கிங் காலத்துத் தோல் காலணிகளும், மரப் பாத்திரங்களும், ஒரு கம்பளிக் காலுறையும் அவற்றில் இருந்தன. இத்தனை ஈரப்பொருள்களைக் காப்பது அகழ்வோடு சேர்ந்தே நடக்க வேண்டிய பணியாயிற்று.

லண்டன்: திட்டத்திலேயே காப்பு

லண்டனில் 1989இல் ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் ஒரு கட்டுமானக் களத்தில் வெளிப்பட்டு, அதைக் காக்கக் கோரிப் பெரும் போராட்டம் எழுந்தது. இதையடுத்து, கட்டுமானத்தால் பாதிக்கப்படும் தொல்லியல் சான்றுகளுக்கான பொறுப்பை 1990ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டு நெறி கட்டடம் எழுப்புவோரிடம் வைத்தது. அந்த ஏற்பாட்டின் பயன் புளூம்பெர்க் கட்டட மனையில் தெரிந்தது. அங்கு 2010 முதல் 2014 வரை நடந்த அகழாய்வில் 405 ரோமானிய எழுதுபலகைகள் கிடைத்தன. அவற்றை நீரிலேயே வைத்துத் தூய்மை செய்து, பாலிஎதிலீன் கிளைக்கால் ஏற்றி, உறைநிலையில் உலர்த்தினர். எழுதுவதற்காகப் பலகைமேல் பூசியிருந்த மெழுகு அழிந்திருந்தாலும் எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல்கள் எஞ்சின. பல கோணங்களில் ஒளி பாய்ச்சி எடுத்த படங்களின் துணையுடன் ரோஜர் டாம்லின் அவற்றைப் படித்து 2016இல் வெளியிட்டார். பொ.ஆ. 57 ஜனவரி 8 தேதியிட்ட ஒரு பலகை, விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அவரைப் போன்ற இன்னொருவருக்கு 105 தெனாரியசு தரவேண்டிய கடனைச் சொல்கிறது.

முடிவுரை

அரசர்களின் கல்வெட்டுகள் தாமாகவே நின்று பேசும். விடுதலை பெற்ற அடிமையின் கடன்சீட்டும் ஒரு சிறுவனின் கிறுக்கலும் பேச, யாரேனும் முன்கூட்டியே நீர்த்தொட்டியும் ஆய்வகமும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும். ஆகவே அகழ்வுக்கு அனுமதி தரும்போதே காப்புக்கான ஏற்பாட்டையும் கேட்பது, எளியோரின் வரலாற்றுக்கு நாம் செய்யவேண்டிய முதற்கடமை.